ஆபீஸ் கம்ப்யூட்டரில் சுற்றிய சனி

நான் நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 1998-ல் எங்கள் சங்கத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. கணக்கு எழுத ஒன்று, டிசைன் போட ஒன்று என்று இரண்டு கேட்டோம். கிடைத்தது ஒன்றுதான். பகலில் அதில் நான் பாவு, ஜரிகை இருப்புக் கணக்கு அடிப்பேன். மாலையில் டிசைன்காரர் வந்து உட்கார்ந்து மயில், அன்னம், புட்டா என்று வரைவார். அந்தப் பெட்டிக்கு ஏ.சி. வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றெல்லாம் விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். கர்ப்பகிரகம் மாதிரிதான் வைத்திருந்தோம்.

அதில் என் மகன் ஒரு ஸ்கிரீன் சேவர் போட்டுக் கொடுத்தான். கல்லூரி நண்பன் ஒருவனிடமிருந்து இரண்டு பிளாப்பியில் வாங்கி வந்தது. காசு கிடையாது, இலவசம். ஐந்து நிமிஷம் யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை என்றால் திரை கறுத்துப்போகும். பிறகு வியாழன் வரும், மெல்லக் கரையும், சனி வரும், பிறகு யுரேனஸ், நெப்டியூன். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அதைப் பார்க்க சங்கத்தில் கூட்டம் நிற்கும். சேலை கொடுக்க வந்தவர்கள், கூலி வாங்க வந்தவர்கள், எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் வயதான நெசவாளர் ஒருவர் உள்ளேயே வந்துவிட்டார். வளையத்தோடு சனி திரை முழுக்க நின்றிருந்தது.

"இன்னா சார் இது?"

"சனி கிரகம்ங்க."

"சனீஸ்வரனையா ஆபீஸ்ல ஓட்டிக்கினு இருக்கீங்க?" என்றார். சிரிக்கவில்லை. கோயிலில்கூட நேருக்கு நேர் நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுகிற கிரகத்தை, பணம் பட்டுவாடா ஆகிற இடத்தில், தெற்குப் பார்த்த மேஜையில் இப்படி உட்கார வைத்திருக்கிறோமே என்று அவருக்குக் கவலை. விஷயம் தலைவர் காதுக்குப் போனது. மறுநாள் சனியை எடுத்துவிடச் சொல்லி வாய்மொழி உத்தரவு. குரு இருக்கட்டும், குரு பார்க்க கோடி நன்மை என்றார். மகனை வைத்து அந்தப் படக்கோப்பை மட்டும் நீக்கினேன். யுரேனஸையும் நெப்டியூனையும் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அவர்களுக்கு நவக்கிரக மேடையில் இடம் இல்லை, ஆகவே அவர்களால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை.

யோசித்தால் அது சரியான கணக்குதான். ஞாயிறு முதல் சனி வரை ஏழு பேரும் கண்ணால் பார்க்கக் கிடைப்பவர்கள். ராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். நம் நெல்லுக்காரத் தெரு சித்திரகுப்தர் கோயிலுக்குக் கேது தோஷம் கழிக்க வருகிறார்களே, அந்தக் கேது வானத்தில் ஒரு பொருளே அல்ல, ஒரு வெட்டுப்புள்ளி. யுரேனஸை 1781 மார்ச் 13-ல் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் கண்டுபிடித்தார். நெப்டியூன் 1846 செப்டம்பர் 23-ல் பெர்லினில் அகப்பட்டது. நம் மேடை அதற்கெல்லாம் மிக முன்பே கட்டி முடிந்துவிட்டது.

ஸ்கிரீன் சேவர் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தலைவர் 'சேவர்' என்பதைக் கரண்ட் சேமிப்பது என்று நினைத்திருந்தார். அது ஒரு யூனிட்கூடச் சேமிக்காது. அந்தக் காலத்து மானிட்டர் பெரிய கண்ணாடிக் குழாய். அதன் உள்பக்கம் பாஸ்பர் என்னும் பொடி பூசியிருக்கும். பின்னாலிருந்து எலக்ட்ரான் வந்து மோதும் இடம் ஒளிரும். ஒரே படம் மாதக்கணக்கில் அதே இடத்தில் நின்றால் அந்த இடத்துப் பொடி தேய்ந்து, அணைத்த பிறகும் நிழல் மாதிரி நின்றுவிடும். நம் வீட்டுப் பெண்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பட்டுச் சேலையை ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைத்தால் ஜரிகை அந்த மடிப்பில் விட்டுப்போகும், அதனால் அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்றி வைப்பார்கள் இல்லையா? ஸ்கிரீன் சேவர் திரைக்கு மடிப்பு மாற்றுகிற வேலை. அவ்வளவே.

வெறும் கறுப்புத் திரை வந்தாலே அந்த வேலை நடந்துவிடும். ஆனால் மனுஷனுக்கு வேடிக்கை வேண்டும். 1989-ல் அமெரிக்காவில் பெர்க்லி சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி 'ஆப்டர் டார்க்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ரொட்டி வாட்டும் டோஸ்டருக்குச் சிறகு முளைத்துத் திரையில் பறக்கும். அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள். 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-லேயே ஸ்கிரீன் சேவர் கூடவே வந்தது. நட்சத்திரக் கூட்டம் நம்மை நோக்கிப் பாய்ந்து வருமே, அது பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகு இலவச ஸ்கிரீன் சேவர் காலம். 'சிப்', 'பிசி குவெஸ்ட்' போன்ற ஆங்கில இதழ்கள் குறுந்தகடு இணைத்துக் கொடுத்தன. மீன்தொட்டி, அருவி, சாமி படம், கிரிக்கெட் ஆட்டக்காரர்கள். இவற்றுக்கு நடுவில் கிரகங்களுக்கு ஒரு தனி மவுசு இருந்தது. கறுப்புப் பின்னணியில் வட்டமாக ஒரு பொருள் என்பதால் திரைக்குப் பாந்தமாகப் பொருந்தியது. இன்னொரு காரணம், படங்களுக்கு யாருக்கும் காசு தர வேண்டாம். அமெரிக்க அரசு எடுக்கும் படத்துக்கு அந்த நாட்டுச் சட்டப்படி காப்புரிமை கிடையாது. நாசா படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். கோடிக்கணக்கான டாலர் செலவில் வந்த படத்தை எவனோ ஒரு கல்லூரி மாணவன் ஒரு பொட்டலமாகக் கட்டி உலகத்துக்குக் கொடுப்பான். அது பிளாப்பியில் ஏறிக் காஞ்சிபுரம் வரை வந்து சேரும்.

அந்தப் படங்கள் வந்த வழியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. எங்கள் பிளாப்பியில் இருந்தவை பெரும்பாலும் வாயேஜர் எடுத்தவை. வாயேஜர் 2 விண்கலம் 1977 ஆகஸ்ட் 20-லும், வாயேஜர் 1 அதற்குப் பின்னால் செப்டம்பர் 5-லும் கிளம்பின. இரண்டும் 1979-ல் வியாழனையும், 1980, 81-ல் சனியையும் கடந்தன. முதலாவது அத்தோடு ஒதுங்கிக்கொள்ள, இரண்டாவது மட்டும் 1986 ஜனவரி 24-ல் யுரேனஸையும் 1989 ஆகஸ்ட் 25-ல் நெப்டியூனையும் எட்டியது. (அதில் வைத்து அனுப்பிய தங்கத் தகட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம்கூட உண்டு. தமிழ் இல்லை. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது.)

வாயேஜரின் கேமரா நெடுக்கில் 800, குறுக்கில் 800 என்று படத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கும். மொத்தம் 6,40,000 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் 0-விலிருந்து 255 வரை ஓர் எண். கறுப்பு 0, நல்ல வெளிச்சம் 255. அந்த எண்களைத்தான் வரிசையாக ரேடியோவில் அனுப்பும். பூமியில் கட்டம் கட்டமாக நிரப்பினால் படம். இதை நான் எங்கள் டிசைன்காரரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "இதுல இன்னா சார் இருக்கு? கிராப்தானே!" என்றார். உண்மைதான். கிராப் தாளில் ஒரு கட்டம் ஒரு பாவு இழை மேல் ஏறுவதா இறங்குவதா என்பதைச் சொல்கிறது. அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளை குத்துகிறோம். ஓட்டை இருந்தால் ஒரு கணக்கு, இல்லையென்றால் ஒரு கணக்கு. ஜக்கார்டு பெட்டியில் அட்டை ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப, தறியில் மயில் முளைக்கிறது. ஊடை ஊடையாக மயில் வருகிறது என்றால், வரி வரியாகச் சனி வருகிறது.

அனுப்பும் சக்தியைக் கேட்டால் சிரிப்பு வரும். அந்த விண்கலத்தின் டிரான்ஸ்மிட்டர் ஏறத்தாழ 23 வாட். நம் வீட்டுப் பழைய டியூப்லைட் 40 வாட். அதில் பாதிக்குச் சற்று மேல். நெப்டியூன் இருக்கும் தூரம் சுமார் 450 கோடி கிலோமீட்டர். ஒளி வேகத்தில் வந்தாலும் சேதி வர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து நொடிக்கு 21.6 கிலோபிட் வேகத்தில் படம் அனுப்பியது. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15-ல் விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது, தொலைபேசி வழி இணைப்பின் வேகம் 9.6 கிலோபிட். நெப்டியூனிலிருந்து பசடீனாவுக்குப் போன படம், சென்னையிலிருந்து ஒருவர் இறக்கிய படத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போயிருக்கிறது! அதைப் படித்த அன்று பிரவுசிங் சென்டரில் காத்துக் கிடந்த மணி நேரங்களை நினைத்துக்கொண்டேன்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாயேஜர் கேமரா கறுப்பு வெள்ளைதான். முன்னால் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று ஒவ்வொரு வடிகட்டியாகச் சுழற்றி அதே இடத்தைப் பல தடவை எடுப்பார்கள். பிறகு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து நிறம் வரவழைப்பார்கள். எங்கள் திரையில் நெப்டியூன் அடர்ந்த ராயல் புளூ நிறத்தில் வரும். அந்த நிறத்தில் ஒரு உடலும் அரக்கு பார்டருமாகச் சேலை போட்டால் நிற்காமல் விற்கும் என்று டிசைன்காரர் சொல்லி, சாயப்பட்டறையில் இழை தோய்த்து எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கூடப் பார்த்தார். சேலையும் போட்டோம், விற்றது.

ஆனால் நெப்டியூன் அந்த நிறமே இல்லையாம். மேகக் கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 1989-ல் படத்தின் நிறத்தை அழுத்திக் காட்டியிருந்தார்கள். அப்படிச் செய்தோம் என்று குறிப்பும் எழுதினார்கள். காலப்போக்கில் படம் மட்டும் ஊர் சுற்றியது, குறிப்பு உதிர்ந்துபோனது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் இர்வின் குழுவினர் பழைய படங்களைச் சரிசெய்து காட்டினார்கள். யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிர் பச்சை கலந்த நீலம், நெப்டியூன் ஒரு துளி கூடுதல் நீலம். கடையில் டியூப்லைட்டில் பார்த்த சேலையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்க்காமல் வாங்காதே என்று என் தாயார் சொல்வார். உலகம் முப்பத்தைந்து வருஷம் வாசலுக்கு எடுத்துப் போகாமல் இருந்துவிட்டது.

இனி அந்த இலவசத்துக்கு நாங்கள் கொடுத்த விலை.

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. காலையில் சங்கம் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். வரவில்லை. விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, திரை கறுப்பு. வியாழனும் இல்லை ஒன்றும் இல்லை. ஆளைக் கூப்பிட்டால் அவர் சிரிக்கிறார். அன்று காலையிலிருந்து அவருக்கு அது பத்தாவதோ பதினோராவதோ. சி.ஐ.எச். என்று ஒரு வைரஸ். தைவானில் ஒரு கல்லூரி மாணவர் எழுதியது. செர்னோபில் அணு உலை வெடித்த அதே தேதியில் விழித்துக்கொண்டதால் செர்னோபில் வைரஸ் என்று பெயர். பொழுதெல்லாம் புரோகிராம் கோப்புகளுக்குள் பதுங்கியிருந்து, அந்த நாளில் வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்துவிடும். சில மெஷின்களில் தாய்ப்பலகையின் சிப்பையும் கெடுத்துவிடும். நம் நாட்டில் அன்று பல ஆயிரம் கம்ப்யூட்டர்கள் படுத்தன.

கணக்குக்குப் பேரேடு இருந்தது, பிழைத்தேன். டிசைன்? ஏழெட்டு மாதமாக டிசைன்காரர் மாலை மாலையாக உட்கார்ந்து வரைந்தவை. பாதிக்கு அட்டை குத்தியாகிவிட்டது, அந்தப் பாதி தறியில் இருந்தது. மீதிக்குத் தாள் பிரதி இல்லை. கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, இனி தாள் எதற்கு என்று சொன்னவன் நான். வந்த வைரஸ் மகன் கொண்டுவந்த அந்தப் பிளாப்பி வழியாக வந்ததா, வேறு எதன் வழியாக வந்ததா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் எங்கள் மெஷினுக்குள் வெளியிலிருந்து போன புரோகிராம் அது ஒன்றுதான். படம் என்று நினைத்துத்தான் போட்டோம். ஸ்கிரீன் சேவர் என்பது படம் அல்ல, படத்தைக் காட்டுகிற ஒரு புரோகிராம், மற்ற எந்தப் புரோகிராமும் செய்யக்கூடியதை எல்லாம் அதுவும் செய்யும் என்று அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

டிசைன்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மறுநாள் கிராப் தாள் ஒரு கட்டு வாங்கி வந்து, மனதில் இருந்ததை மறுபடி வரைய ஆரம்பித்தார். சிலது வந்தது, சிலது வரவில்லை. "ஒரு அன்னம் இருந்துச்சு சார், கழுத்த திருப்பிக்கினு, அது மட்டும் கைக்கு வரமாட்டேங்குது" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வயதான நெசவாளரோ வேறு தீர்ப்பு வைத்திருந்தார். "உள்ள இருந்தவர தூக்கி வெளிய போட்டீங்க இல்ல சார்? அதான்." சனியை வைக்காதே என்றவரும் அவர்தான்!

புது மெஷின் வந்தது. ஸ்கிரீன் சேவர் வேண்டாம், கறுப்புத் திரையே போதும் என்று வைத்துக்கொண்டோம். ஆனால் எனக்கு அந்த நாலு படங்களில் ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அது யுரேனஸ். மங்கலான ஒரு உருண்டையும், அதைச் சுற்றி மயிரிழை போலச் சில கோடுகளும். வளையம் சனிக்குத்தானே, இதற்கு எப்படி என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் நம் ஜில்லாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது என்பது ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது.

வாணியம்பாடி தாண்டி ஆலங்காயம் போய், ஜவ்வாது மலைக்காட்டுக்குள் ஏறினால் காவலூர். விண்வெளி விஞ்ஞானி வைணு பாப்பு, மேகம் குறைவாக, ஊர் வெளிச்சம் இல்லாமல், தெற்கு வானமும் தெரிகிற இடமாகத் தேடி அதைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் கொடைக்கானலில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி அங்கே வந்தது. 1972-ல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் கம்பெனி செய்த 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி. அது வந்த அதே ஆண்டு ஜூன் 7-ல் வியாழனின் துணைக்கோள் கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. காவலூரிலும் ஜாவா தீவின் லெம்பாங்கிலும் அதைப் பார்த்தார்கள். நட்சத்திரம் பட்டென்று மறையாமல் மங்கி மறைந்ததை வைத்துக் கனிமீடுக்குக் காற்று மண்டலம் உண்டு என்று எழுதினார்கள். பிற்பாடு வாயேஜர் போய்ப் பார்த்து, அவர்கள் சொன்ன அளவுக்கு அங்கே காற்று இல்லை என்றது. ஹப்பிள் தொலைநோக்கி அதற்கும் பின்னால் மிக மெல்லிய ஆக்சிஜன் இருப்பதைக் கண்டது. முழுக்கச் சரியும் இல்லை, முழுக்கத் தவறும் இல்லை.

1977 மார்ச் 10. துலா ராசியில் இருந்த ஒரு மங்கலான நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கப் போகிறது என்று முன்பே கணித்திருந்தார்கள். எத்தனை நேரம் மறைக்கிறது என்று அளந்தால் கிரகத்தின் குறுக்களவும் காற்று மண்டலமும் தெரியும். வளையத்தைத் தேடி யாரும் போகவில்லை. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் காத்திருந்தார்கள். நம் கடிகாரப்படி நள்ளிரவு தாண்டிவிட்டது. அதே நேரத்தில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே, கைப்பர் பறக்கும் ஆய்வகம் என்ற அமெரிக்க விமானம். அதற்குள் 91 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஜேம்ஸ் எலியட்டும் அவர் குழுவும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலும் ஒரு குழு.

கிரகம் நட்சத்திரத்தைத் தொடுவதற்கு அரை மணி நேரத்துக்கும் மேலாக இருக்கும்போதே விமானத்தில் பதிவுக்கோடு சட்டென்று கீழே இறங்கி ஏறியது. மேகமா, கருவிக் கோளாறா? மறுபடி இறங்கியது, மறுபடி. மொத்தம் ஐந்து தடவை. சின்னச் சின்ன துணைக்கோள்களாக இருக்கலாம் என்றுதான் அவர்களும் முதலில் நினைத்தார்கள். கிரகம் கடந்த பிறகும் விடாமல் பதிவு செய்ததால், மறுபக்கத்திலும் இறக்கங்கள் கிடைத்தன. சில நாள் கழித்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் அதே தூரங்களில் அதே இறக்கங்கள். துணைக்கோள் இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் நிற்காது. வளையம்தான் நிற்கும்.

காவலூரிலும் நட்சத்திரம் மங்கியது பதிவானது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று எடுத்துக்கொண்டார்கள். 'நேச்சர்' இதழில் அந்த ஆண்டு மே 26-ல் மூன்று கட்டுரைகளும் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. முதலில் எலியட் குழு: யுரேனஸின் வளையங்கள். அடுத்து பெர்த் குழு: அதுவும் வளையம். மூன்றாவதாக நம்மவர்கள்: யுரேனஸின் ஒரு புதிய துணைக்கோள். அந்த மூன்று தலைப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தபோது எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. அதே இரவு, அதே நட்சத்திரம், அதே மங்கல். பார்த்தது சரி, பெயர் வைத்தது தவறு.

அவர்கள் அதோடு விடவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் சேர்ந்து அதே இதழில் யுரேனஸைச் சுற்றிச் சனிக்கு இருப்பது போன்ற வளையத் தொகுதி இருக்கிறது என்று எழுதினார்கள். உலகப் புத்தகங்களில் கண்டுபிடிப்பு எலியட் பெயரில்தான் இருக்கிறது, அது நியாயமும்கூட. நம் ஊர்ப் புத்தகங்களில் சிலர் காவலூரே கண்டுபிடித்தது என்று எழுதிவிடுகிறார்கள். அது மிகை. ஆனால் சுத்தமாக விட்டுவிடுவதும் சரியில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு மலைக்காட்டில், இரண்டு பேர் உலகத்தோடு ஒரே நேரத்தில் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு முன்னோடியும் நம் பக்கத்திலேயே உண்டு. 1852-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வான் ஆய்வகத்தில் கேப்டன் ஜேக்கப் என்பவர், சனியின் மங்கலான உள்வளையம் வழியாகப் பின்னால் சனியின் உடலே தெரிகிறது, அது மெல்லிய துணி மாதிரி ஊடு தெரிவது என்று கண்டார். எங்கள் ஆபீஸில் இருந்து துரத்தப்பட்ட அந்த வளையத்தைத்தான்.

யுரேனஸ் வளையங்களைப் படத்தில் பார்க்க உலகம் ஒன்பது ஆண்டு காத்திருந்தது. 1986 ஜனவரி 6-ல் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதைக் கட்ட ஆரம்பித்த வைணு பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார், அவர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அதற்குப் பதினெட்டு நாள் கழித்து வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்தது. வளையங்கள் கரி மாதிரிக் கறுப்பு. அகலமும் பல இடங்களில் சில கிலோமீட்டர்தான். பூமியிலிருந்து கண்ணுக்குத் தெரியாததில் வியப்பில்லை. அடுத்த நான்காவது நாள் சேலஞ்சர் ஓடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள், உலகம் யுரேனஸை மறந்துபோனது. இன்றுவரை வேறு எந்த விண்கலமும் அங்கே போகவில்லை, நெப்டியூனுக்கும் போகவில்லை. அந்தப் பிளாப்பியில் இருந்த படங்கள்தான் இன்றைக்கும் அருகில் இருந்து எடுத்த படங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை நானும் மனைவியும் காவலூர் போனோம். சனிக்கிழமைகளில் மாலையில் பொதுமக்களைச் சின்னத் தொலைநோக்கியில் பார்க்க விடுகிறார்கள். எங்கள் அதிர்ஷ்டம், வானம் திறந்திருந்தது. வரிசையில் பள்ளிப் பிள்ளைகள், ஆலங்காயத்துக்காரர்கள். எங்கள் முறை வந்தது. நான் முதலில் குனிந்தேன். திரையில் பார்த்த அந்தப் பெரிய சனி இல்லை. ஒரு எள்ளு அளவு, அதைச் சுற்றி ஒரு வளையம், ஆடிக்கொண்டே இருக்கிறது. நிறமும் அதிகம் இல்லை, கோரைப்பட்டு மாதிரி ஒரு வெளிறல்.

அடுத்து என் மனைவி கண்ணை வைத்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் நின்ற பையன் நெளிய ஆரம்பித்துவிட்டான்.

"நீங்க ஆபீஸ்ல எடுத்துப் போட்ட சனி இதானா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் இடம் விட்டாள்.